பால்வாடிக்கு வாங்கித் தரும் அளவைக் கருவிகள்: எது உழைக்கும், எது ஏமாற்றும்

கடலூர் மாவட்டத்தில் பஞ்சாயத்தோ தொண்டு அமைப்போ அங்கன்வாடிக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் கை போவது பொம்மைக்கும் சுவர் ஓவியத்துக்கும்தான். அதைவிட உருப்படியான செலவு எடை, உயரக் கருவிகள். ஆனால் வாங்கும் முன் டீச்சரிடம் கேளுங்கள். 2018-ல் போஷன் அபியான் என்ற ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துத் திட்டம் வந்த பிறகு பல மையங்களுக்கு அரசே கொடுத்திருக்கிறது. செல் தீர்ந்து அலமாரிக்கு மேலே கிடப்பதும் உண்டு.

தாய்-சேய் எடை மெஷின் நல்ல கருவி. அம்மா ஏறி நிற்க வேண்டும், பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்க வேண்டும், பிறகு குழந்தையைக் கையில் கொடுத்தால் குழந்தையின் எடை மட்டும் காட்டும். பாய்மேல் வைத்தால் எடை தப்பும். மட்டமான சிமெண்ட் தரைதான் சரி. கொலுசு, தண்டை, ஈர ஜட்டி எல்லாம் கழற்றிவிட வேண்டும். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றுக்கு செல் தொடும் கம்பி துருப்பிடிக்கும். எடை பார்த்து முடித்ததும் செல்லைக் கழற்றித் தனியே வையுங்கள். மாதம் ஒருமுறை மளிகைக் கடையிலிருந்து முத்திரை போட்ட 5 கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தால் மெஷின் பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய 25 கிலோ தொங்கு தராசைத் தூக்கிப் போடாதீர்கள். குழந்தை உதைத்தால் முள் ஆடும், உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் செல் கிடைக்காத நாளுக்கு அதுதான் துணை.

நீளப் பலகைதான் வம்பு. பலகையில் குறை கிடையாது, அளக்கும் கை ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் குறை. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து அளக்கும்போது, ஒருவர் தலையைத் தலைப்பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முட்டியை அமுக்கி, இரண்டு பாதமும் படும்படி கால்பலகையை நகர்த்த வேண்டும். உதவியாளர் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் அளந்தால் முட்டி மடங்கும், நீளம் குறையும், நல்ல குழந்தையும் ‘குட்டை’ ஆகிவிடும். எனவே சமையல் முடிந்த பிறகே அளவெடுங்கள். பிள்ளையின் அம்மாவைத் தலைமாட்டில் உட்கார வைத்தாலும் போதும்.

இரண்டு வயது தாண்டினால் நிற்கவைத்து அளக்க வேண்டும். குதிகால், பிட்டம், முதுகு, பின்னந்தலை சுவரில் படவேண்டும். உச்சிக் குடுமியும் கிளிப்பும் அவிழ்க்காமல் எடுத்தால் உயரம் கூடும். நிற்காத பிள்ளையைப் படுக்கவைத்தால் 0.7 செ.மீ. கழிக்க வேண்டும், இரண்டு வயதுக்குள் நிற்கவைத்தால் அதே அளவைக் கூட்ட வேண்டும். இது சின்னக் கணக்கு இல்லை. உலக சுகாதார அமைப்பின் அட்டவணையில் 24 மாத ஆண் குழந்தைக்கு ‘குட்டை’ என்று கணக்கிடும் எல்லைக்கோடு நிற்கும் உயரத்தில் 81.0 செ.மீ., படுத்த நீளத்தில் 81.7. வயதும் அப்படியே. ‘ஆடி மாசம் பொறந்தான்’ என்பதை நம்பி எழுதாமல், பிறப்புச் சான்றிதழ் தேதியை வைத்து மாதக் கணக்குப் போடுங்கள்.

எங்கள் கணக்கில் இந்தக் கருவிகளில் முதல் மதிப்பெண், மேல்கையின் சுற்றளவை அளக்கும் மூன்று நிறப் புய நாடாவுக்கே. செல் வேண்டாம், தரை வேண்டாம், மடியிலேயே அளக்கலாம். 6 மாதம் முதல் 59 மாதம் வரை பயன்படும். இடது கை தளர்ந்து தொங்க, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றுங்கள். சதை பிதுங்க இழுக்கக்கூடாது, தொளதொளவென்றும் விடக்கூடாது. 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் சிவப்பு, கடும் மெலிவு. 11.5-லிருந்து 12.5-க்குள் மஞ்சள். கூடவே இரு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் 3 நொடி அமுக்குங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால் எடை எவ்வளவு இருந்தாலும் கிராம செவிலியருக்கு அன்றே சொல்ல வேண்டும். வீங்கிய பிள்ளை மெஷினில் கொழுகொழுவென்றுதான் தெரியும்.

நாடா கசங்கி நீண்டால் புதிது வாங்குங்கள், விலை அற்பம். மெஷின் வாங்குபவர்கள் ஒரு வருடத்துக்கான செல்லையும் சேர்த்தே கொடுங்கள்.