கல் எடுத்த பிறகு உள்ளே வைக்கும் டியூப்: குழந்தைகளுக்கு எது தோது?

சிறுநீரகக் கல்லை எடுத்த பிறகு உள்ளே வைக்கும் மெல்லிய டியூப்தான் டி.ஜே. ஸ்டென்ட். பெரியவர்களுக்கு அதை வெளியே எடுப்பது சில நிமிட வேலை. மரத்துப்போக ஜெல்லி தடவி, மெல்லிய கேமராவை உள்ளே விட்டு, ஸ்டென்டின் நுனியைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போய்விடலாம். நாலு வயதுக் குழந்தையை அப்படி அசையாமல் படுக்கவைக்க யாராலும் முடியாது. மயக்கம் கொடுத்தாக வேண்டும். மயக்கம் என்றால் காலையிலிருந்து பட்டினி, திரும்ப ரத்தப் பரிசோதனை, திரும்ப தியேட்டர், திரும்ப ஒரு பில். ஆகவே குழந்தைகளுக்கான ஸ்டென்ட் வகைகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, அது எப்படி வெளியே வரும் என்பதைத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்டென்ட் எதற்கு? கல்லை உடைத்து எடுத்த பிறகு சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் நாளம் வீங்கியிருக்கும். கல் துகளோ ரத்தக் கட்டியோ அதை அடைத்தால் சிறுநீர் மேலே தேங்கி வலி, காய்ச்சல் வரும். அதைத் தடுக்கத்தான் இந்த மெல்லிய டியூப். பெரியவர்களுக்கு வழக்கமாக 6 பிரெஞ்ச், அதாவது 2 மில்லிமீட்டர் பருமன். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4.8 பிரெஞ்ச். நீளத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: வயதோடு பத்தைக் கூட்டினால் சென்டிமீட்டர். ஆறு வயதுக்குப் பதினாறு. நீளம் கூடிப்போனால் பையில் கிடக்கும் சுருள் அடித்தளத்தை உரசி, குழந்தை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூம் ஓடும்.

சாதாரண டி.ஜே.தான் எல்லா ஊரிலும் கிடைக்கும். 1978இல் வந்த வடிவம். இரண்டு முனையும் சுருண்டிருப்பதால் மேலேயும் போகாது, கீழேயும் நழுவாது. வாரக்கணக்கில் வைக்க வேண்டிய கேஸ்களுக்கு இன்றும் இதுதான் நம்பகமானது. சிறுநீர் போகும்போது விலாவில் சுருக்கென்று வலிக்கும், ஏனென்றால் பையின் அழுத்தத்தில் டியூப் வழியே சிறுநீர் மேலேறும். ஓடி விளையாடினால் சிறுநீர் லேசாகச் சிவக்கும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது அந்த இரண்டாவது மயக்கம். மூன்று வயதுக்குக் கீழே நீண்ட நேரமோ, பலமுறையோ மயக்கம் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் எச்சரித்திருக்கிறது. ஸ்டென்ட் எடுக்கும் சில நிமிட மயக்கத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கல் திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கு எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

இதற்கு ரொம்ப எளிய மாற்று நூல் வைத்த ஸ்டென்ட். வேடிக்கை என்னவென்றால், பல கம்பெனி ஸ்டென்டுகள் பெட்டியிலிருந்து வரும்போதே கீழ்முனையில் நூலோடுதான் வருகின்றன. தியேட்டரில் கத்தரித்துப் போட்டுவிடுவார்கள். கத்தரிக்காமல் விட்டால் நூல் சிறுநீர்த் துவாரம் வழியே வெளியே வந்திருக்கும். அதைத் தொடையிலோ, ஆண் குழந்தைக்கு உறுப்பின் மேலேயோ பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். சில நாளில் ஓ.பி.யிலேயே, அம்மா மடியில் உட்கார்ந்தபடியே மெதுவாக இழுத்துவிடலாம். குழந்தை கத்தும், ஆனால் சட்டென்று முடிந்துவிடும்.

தொந்தரவு அந்தச் சில நாளில்தான். பிளாஸ்திரி ஈரத்தில் பிய்ந்துவரும், டயப்பர் மாற்றும்போது நூல் மாட்டும், கை துறுதுறுவென்று இருக்கும் குழந்தை தானே இழுத்துவிடும். திடீரென்று சிறுநீர் நிற்காமல் சொட்ட ஆரம்பித்தால் ஸ்டென்டின் கீழ்முனை நழுவி வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே தள்ள முயலக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும். நூல் உள்ளே போய்விட்டாலும் பதற வேண்டாம். கேமரா வைத்து எடுப்பார்கள், அவ்வளவுதான். சிக்கலில்லாத கேஸ், ஒரு வாரத்துக்குள் எடுக்கப்போகிறார்கள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். நாளத்தில் காயம் பட்டு, ஸ்டென்ட் சில வாரம் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்றால் நூலை நம்பக் கூடாது.

அடுத்தது காந்த ஸ்டென்ட். கீழ்முனையில் சின்னக் காந்தம் இருக்கும். எடுக்கும்போது நுனியில் காந்தம் உள்ள கதீட்டரை (மெல்லிய குழாயை) சிறுநீர்ப்பைக்குள் விட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். கேமரா வேண்டாம். வெளியே நூல் தொங்காததால் குழந்தை இழுத்துப்போடும் பயமும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கதீட்டர் நுழைவது வலிக்கும். சொன்னதைக் கேட்கும் பத்து வயதுப் பையனுக்கு ஜெல்லி போதும்; இரண்டு வயதுக்குச் சற்றே தூங்கவைக்க வேண்டிவரலாம், அப்படியானால் லாபம் பாதியாகக் குறைந்துவிடும். காந்தம் ஒட்டாமல் போனால் பழையபடி கேமராதான். ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஓரிரு நாள் போதும் என்று தோன்றும் கேஸ்களில் சில டாக்டர்கள் டி.ஜே.யே போடுவதில்லை. மெல்லிய கதீட்டர் ஒன்றை நாளத்துக்குள் வைத்து, மறுமுனையை, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியேற்ற வைத்திருக்கும் டியூபோடு சேர்த்துக் கட்டி வெளியே விட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் போவதற்கு முன் இரண்டையும் சேர்த்து உருவிவிடலாம். முதுகில் துளையிட்டுக் கல் எடுக்கும் பி.சி.என்.எல். நல்லபடியாக முடிந்தால் இது அருமையான வழி. கட்டிலை விட்டு இறங்க முடியாத எரிச்சல் ஒன்றுதான் குறை. தானாகக் கரைந்துபோகும் ஸ்டென்ட் பற்றிப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. அன்றாடப் புழக்கத்துக்கு வரவில்லை, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டென்டே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான், அதை மறந்துவிடுகிறோம். யூ.ஆர்.எஸ். (சிறுநீர்த் துவாரம் வழியே கருவியை விட்டுக் கல் எடுப்பது) சிக்கலில்லாமல் முடிந்தால் எல்லோருக்கும் ஸ்டென்ட் போட வேண்டியதில்லை என்று ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அறுவைக்கு முன்பே, நாளம் விரியட்டும் என்று எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாக ஸ்டென்ட் வைத்துவிடுவதையும் அமெரிக்க வழிகாட்டுதல் ஏற்கவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் நாளம் கருவியையே விடாத அளவுக்குக் குறுகலாக இருப்பதும் குழந்தைகளிடம் உண்டு. அப்போது ஸ்டென்ட் வைத்து இரண்டு வாரம்போலக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒற்றைச் சிறுநீரகம், நாளத்தில் காயம், நிறைய துகள் மிச்சம் என்றாலும் ஸ்டென்ட் இல்லாமல் அனுப்பக் கூடாது.

ஸ்டென்ட் எந்தப் பொருளில் செய்தது, சிலிகானா பாலியூரிதேனா என்றும் சிலர் கேட்பார்கள். சிலிகான் மிருது, மேலே உப்புப் படிவதும் குறைவு. ஆனால் வழுக்கிப் போகாது, குறுகிய நாளத்தில் ஏற்றுவது கஷ்டம். ஒரு வாரத்துக்கு எதுவானாலும் சரி. சிஸ்டினூரியா மாதிரி பரம்பரைக் கோளாறால் கல் வரும் குழந்தைக்கு ஸ்டென்டின் மேலேயே சீக்கிரம் கல் படியும், அங்கே பொருளைவிட எத்தனை நாள் உள்ளே இருக்கிறது என்பதுதான் முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தப் பக்கம் ஸ்டென்ட் இருக்கிறது, நூல் உண்டா இல்லையா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வார்டை விட்டுக் கிளம்புங்கள்.