அம்ஹாரிக்கா, தாய்லாந்து மொழியா: தமிழ் தெரிந்தவருக்கு எது கைகொடுக்கும்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. எந்த மொழிக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அது போட்டிருக்கும் பட்டியலில், எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கும் தாய்லாந்து மொழியும் ஒரே வகுப்பில் வருகின்றன: 44 வாரம், ஏறக்குறைய 1100 வகுப்பு மணி நேரம். தமிழும் அதே வகுப்புதான். ஆனால் அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் போட்ட கணக்கு. தமிழில் யோசிக்கிறவருக்குக் கணக்கே வேறு. தாய்லாந்து மொழியில் எழுத்து நமக்கு உறவு, வாக்கியம் அந்நியம். அம்ஹாரிக்கில் ஒலிகள் அந்நியம், வாக்கியம் ஏறக்குறைய நம்முடையது.

முதலில் எழுத்து. பல்லவர் காலத்து எழுத்து கெமர் நாட்டுக்கு (இன்றைய கம்போடியா) போய், அங்கிருந்து தாய்லாந்தின் பழைய அரசான சுகோத்தாய்க்கு வந்து தாய்லாந்து எழுத்தானது. ராம் கம்ஹேங் மன்னரின் கல்வெட்டுக்கு 1292 என்று ஆண்டு சொல்கிறார்கள். அந்த நெடுங்கணக்கில் மெய்கள் 44. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். க-வில் தொடங்கி ங-வில் முடியும் வர்க்கம், ச முதல் ஞ, ட முதல் ண, த முதல் ந, ப முதல் ம, பிறகு ய ர ல வ என்று நாம் பள்ளியில் ஒப்பித்த அதே வரிசை. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னால் வருவதும், சில உயிர்க்குறிகள் மெய்யை இரண்டு பக்கமும் அணைத்து நிற்பதும் நம் கண்ணுக்குப் பழக்கம். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு அதுவும் புதிதல்ல. வணக்கம் சொல்லும் 'ஸவத்தி', நம் கல்வெட்டுகளின் தலையில் நிற்கும் 'ஸ்வஸ்தி'யேதான்.

சிக்கல் வாயைத் திறந்ததும் வரும். இந்த மொழியில் சுருதி ஐந்து: நடு, தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம். 'காவ்' என்ற ஒரே அசையை (க-வை மூச்சை வெளியே தள்ளிச் சொல்ல வேண்டும்) ஏற்றிச் சொன்னால் வெள்ளை, தாழ்த்திச் சொன்னால் செய்தி, மேலிருந்து இறக்கினால் சோறு. எழுத்தின் மேல் சுருதிக் குறி போடாமல் எழுதினால் வெள்ளை, முதல் குறி போட்டால் செய்தி, இரண்டாம் குறி போட்டால் சோறு. இத்தோடு நின்றால் நிம்மதி. ஆனால் மெய்கள் மூன்று வகுப்பு. அதே முதல் குறியை ம-வின் மேல் வைத்தால் சுருதி தாழாது, இறங்கும். 'மை' என்றால் 'இல்லை'. இரண்டாம் குறி வைத்தால் உயரும். அப்போது 'மை' மரம்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் இந்த மொழியில் க-வுக்கும் அதன் மெல்லொலிக்கும் ('தங்கம்' என்பதில் வரும் க போல) உச்சரிப்பு வேறுபாடு இருந்தது. நாளடைவில் அந்த வேறுபாடு தேய, சுருதி இரண்டாகப் பிரிந்தது. எழுத்து மட்டும் பழைய கணக்கையே வைத்துக்கொண்டது. பாங்காக் விமான நிலையத்தின் பெயரும் எழுத்தில் சுவர்ணபூமி, வாயில் 'சுவண்ணபூம்'.

வினைச்சொல்லில் அவ்வளவு சுகம் வேறெங்கும் கிடைக்காது. 'கின்' என்றால் சாப்பிடு. சாப்பிட்டான், சாப்பிடுவாள், சாப்பிடுகிறோம் எல்லாமே 'கின்'தான். எண்ணிச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அலகுச்சொல் வேண்டும். 'குழந்தை மூன்று பேர்' என்கிறோமே, அது மாதிரி. காருக்கும் குடைக்கும் ஒரே அலகுச்சொல்!

இனி அம்ஹாரிக். அரபிக்கும் ஹீப்ருவுக்கும் உறவான செமிட்டிக் மொழி. ஆனாலும் வினை வாக்கியக் கடைசிக்குப் போய்விடுகிறது. அக்கம்பக்கத்துக் குஷிட்டிக் மொழிகளோடு பழகிய பழக்கம் என்பது மொழியியலாளர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம். 'மெத்தா' வந்தான். 'மெத்தாச்' வந்தாள். 'மெத்து' வந்தார்கள், மரியாதையாகச் சொன்னால் வந்தார். 'யெமெத்தா ஸெவ்' வந்த மனிதன். 'மெத்தோ ஹேதெ' வந்துவிட்டுப் போனான். பெயரெச்சம் பெயருக்கு முன்னால், வினையெச்சம் முற்றுக்கு முன்னால். தாய்லாந்து மொழியில் இதே 'வந்த மனிதன்', 'கொன் தீ மா' ஆகிறது. மனிதன் முதலில், வந்தது பிறகு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 'பிலோ'. 'அலெ' என்றால் சொன்னான். அதன் வினையெச்சம் 'பிலோ'. பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும் இடத்தில் இதைப் போடுகிறார்கள், நாம் 'என்று' போடுகிற மாதிரியே. நம் 'என்று'வும் 'என்' என்ற வினையின் எச்சம்தானே. 'இமெதல்லெஹு அலெ' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'வருகிறேன் என்றான்'. ஆங்கிலம் வழியாக இதைக் கற்பவர் பக்கம் பக்கமாக விளக்கம் படிக்க வேண்டும். நமக்கு ஒரு வரி போதும்.

ஆனால் வினையின் உள்ளே போனால் கடினம். பெரும்பாலும் மூன்று மெய்தான் வேர், உயிர்கள் அதற்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ல-ம-ன என்ற வேரிலிருந்து லெம்மெனெ (யாசித்தான்), யிலெம்மினல் (யாசிப்பான்), லெம்மினோ (யாசித்து), லெம்மாஞ் (யாசகன்). வேரைத் தோண்டி எடுக்கப் பழகும்வரை அகராதியைப் புரட்ட முடியாது. தொண்டையை அடைத்து வெடிக்கும் ஒலிகளும் சில உண்டு. மெத்தா-வின் 'த்தா', இஞ்ஜெரா என்னும் எத்தியோப்பிய அப்பம் சுடும் தெஃப் தானியத்தின் 'தெ' இரண்டும் அப்படித்தான். கேட்டுக் கேட்டுத்தான் வரும். ஆனாலும் சுருதி அளவுக்கு இது ஆளைப் படுத்துவதில்லை. பிசகினாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

ஃபிதெல் என்னும் அதன் எழுத்தை நம் உயிர்மெய் அட்டவணை போலவே படிக்கலாம். 33 மெய், ஏழு உயிர், ஆக 231 வடிவம்.

ஆளைப் பார்த்துப் பேசுவதிலும் இரண்டும் எதிரெதிர். தாய்லாந்தில் ஆண் பேசினால் வாக்கியக் கடைசியில் 'க்ரப்', பெண் பேசினால் 'கா'. பேசுகிறவரைப் பொறுத்தது. அம்ஹாரிக்கில் கேட்கிறவரைப் பொறுத்தது. நலமா என்று ஆணிடம் 'இந்தெமின் நெஹ்', பெண்ணிடம் 'இந்தெமின் நெஷ்', பெரியவரிடம் 'இந்தெமின் நோத்'.

பயணத்துக்காகச் சீக்கிரம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பவர் தாய்லாந்து மொழியை எடுக்கலாம். பாடநூல், காணொலி, பேசிப் பழக ஆள் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். முதல் மாதம் எழுத்தைத் தொடாமல் காதை மட்டும் பழக்குங்கள். மொழியின் கட்டுமானத்தில் ருசி உள்ளவருக்கு நான் தயங்காமல் அம்ஹாரிக்கைச் சொல்வேன். தமிழ் இலக்கணம் படித்ததன் பலன் அங்கே ஒவ்வொரு வரியிலும் கிடைக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நாம் புளி, புள்ளி என்று ஒற்று வைத்துப் பிரிப்பதை ஃபிதெல் பிரிப்பதில்லை. அலெ (சொன்னான்), அல்லெ (இருக்கிறான்) இரண்டுக்கும் ஒரே எழுத்து. எனவே குரல் பதிவு இல்லாத சொற்பட்டியலை நம்பாதீர்கள். நோட்டில் எழுதும்போது இரட்டிக்கும் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சில இலக்கண நூல்களும் அப்படித்தான் குறிக்கின்றன.