மூன்று மாதம் நிக்கோட்டின் கம் மென்றவன் சொல்வது

பதினாறு வருடம் தம் அடித்தவன் நான். ஒரு நாளைக்கு எட்டு, ஆபீஸில் வேலை நெருக்கினால் பன்னிரண்டு. தம்மை விடுவதற்காக மூன்று மாதமாக 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம், புதினா சுவை, மென்றுகொண்டிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன். கடைசி சிகரெட் பிடித்து இன்றோடு 81 நாள். நடுவில் ஒரு கல்யாண வீட்டு மொட்டை மாடியில் இரண்டு இழுப்பு இழுத்தேன், அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கும் மனைவிக்கும் இன்னும் தகராறு ஓடுகிறது.

இது சூயிங் கம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அப்படி நினைத்துதான் கெட்டேன். பள்ளிக்கூடத்தில் பபிள் கம் மென்ற மாதிரி கடகடவென்று மென்றதில் இரண்டே நிமிடத்தில் தொண்டை எரிந்து, விக்கல் பிடித்து, வயிற்றைப் புரட்டி, துப்பிவிட்டு நேராகக் கீழே இறங்கிப் போய் ஒரு சிகரெட் பிடித்தேன். இரண்டாம் நாள் காபி குடித்த வாயோடு போட்டேன், ஒன்றுமே தெரியவில்லை. நூறு ரூபாய் தண்டம் என்று அட்டையை டிராயருக்குள் எறிந்தாயிற்று. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் எல்லாம் இருந்தது, எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். தமிழில் ஒரு வரி கிடையாது. மெடிக்கல் ஷாப் தம்பியும் “மென்னா போதும் சார்” என்று சொல்லித்தான் கொடுத்தான். இதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம் வெட்டுகிறேன்.

டிராயரில் இரண்டு மாதம் கிடந்த அட்டையை வெளியே எடுக்க வைத்தது ஒரு சிகரெட் பாக்கெட்தான். நான் எப்போதும் ஒத்தையாகத்தான் வாங்குவேன், பற்றுக் கணக்கு வேறு. ஒரு நாள் டீக்கடை அண்ணன் காலி பாக்கெட் ஒன்றைக் கிழித்து உள்பக்கத்தில் என் பாக்கியை எழுதிக் கையில் கொடுத்தார், 340 ரூபாய். திருப்பிப் பார்த்தால் 1800-11-2356 என்று ஒரு நம்பர். புகையிலையை விட உதவி கேட்டு யாரும் கூப்பிடலாம், காசு கிடையாது. 2018 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் எல்லாப் பாக்கெட்டிலும் அந்த நம்பர் இருக்கிறதாம், எனக்குத் தெரியவே தெரியாது. பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 2016-லிருந்து விதி இருக்கிறது. ஆனால் ஒத்தையாக வாங்குகிறவன் கையில் வருவது வெள்ளையாக ஒரு குச்சி, அதில் படமும் இல்லை நம்பரும் இல்லை. எனக்குத் தெரிந்து டீக்கடைகளில் நிற்கிற பாதிப் பேர் ஒத்தை கிராக்கிதான்.

கூப்பிட்டேன். டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் மையத்தில் தொடங்கிய சேவை, அப்புறம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உட்பட மூன்று இடங்களுக்கு விரிந்தது. எனக்கு ஒரு அம்மா தமிழிலேயே பேசினார். “காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?” என்றுதான் முதல் கேள்வி. ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். அப்படியென்றால் 2 மில்லிகிராம் போதும், அரை மணிக்குள் பற்றவைக்கிறவர்களுக்குத்தான் 4 தேவைப்படும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றார். பிறகு மெல்லும் விதம். மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை, நாக்கில் சுருக்கென்று காரம் தட்டும் வரை. தட்டியதும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கினால் மறுபடி நாலு மெல்லு, இடம் மாற்றி ஒதுக்கு. அரை மணி நேரம் இப்படி. நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும், எச்சிலோடு விழுங்கினால் வயிறு எரிவதுதான் மிச்சம். காபி, ஜூஸ் மாதிரி புளிப்புள்ளது எதுவும் கால் மணி நேரம் முன்பிருந்தே கூடாது, அந்த அமிலம் உள்ளே சேர விடாது.

அவர் விளக்க விளக்க எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. புகையிலையைக் கொடுப்பில் ஒதுக்கிவிட்டு மத்தியானம் முழுக்க ஊர்க் கதை பேசுவாள். அதே வித்தைதான். இந்த கம் பிறந்த கதையும் அங்கேதான் போய் நிற்கிறது. 1960களின் கடைசியில் ஸ்வீடனில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்தவர்கள் உள்ளே புகைக்க முடியாமல் வாயில் புகையிலையை அடக்கிச் சமாளித்ததைப் பார்த்துத்தான் லியோ என்ற மருந்துக் கம்பெனியில் ஓவே ஃபெர்னோ இதை உருவாக்கத் தொடங்கினார்.

சரியாக மென்றால் வேலை செய்கிறதா? செய்கிறது. சிகரெட் தருகிற அந்தச் சுரீர் கிடைக்காது, அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு யாரைப் பார்த்தாலும் கடிக்கத் தோன்றுமே, அது பாதிக்கு மேல் அடங்கிவிடும். மிச்சப் பாதியை நாம்தான் தாண்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் தாடை வலித்தது, நாக்கு நுனி மரத்த மாதிரி இருந்தது. ஒரு கம் எனக்குப் பத்து, பன்னிரண்டு ரூபாய் ஆகிறது, சிகரெட்டை விட மலிவு.

இனி திட்ட வேண்டிய பகுதி. என் ஆபீஸ் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை எண்ணிப் பார்த்தேன், சிகரெட் விற்கிற கடை ஏழு. ஏழிலும் கண்ணுக்கு நேரே பெட்டி, பக்கத்தில் லைட்டர் தொங்கும், பற்று உண்டு. மெடிக்கல் ஷாப் மூன்று, அதில் கம் வைத்திருப்பது ஒன்று, அதுவும் “நாளைக்கு வரும் சார்” ரகம். உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே இந்த கம் மாதிரியான நிக்கோட்டின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது, இந்திய அரசின் பட்டியலிலும் 2022-ல் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்தது கடை அலமாரிக்கு வந்து சேரவில்லை.

ஆபீஸ் நண்பன் ஒருவன் கேட்டான்: “உன்னை யாரும் கட்டாயப்படுத்திப் பிடிக்கச் சொன்னாங்களா? உன் இஷ்டம்தானே மச்சான், இதுக்கு ஏன் கவர்மெண்டையும் கம்பெனியையும் இழுக்கற?” பாதி ஒத்துக்கொள்கிறேன். பத்தொன்பது வயதில் ஹாஸ்டல் பாத்ரூமில் முதல் சிகரெட் பிடித்தது என் இஷ்டம்தான், கையைப் பிடித்து யாரும் திணிக்கவில்லை. ஐந்நூறாவது சிகரெட்டும் என் இஷ்டமா? விட வேண்டும் என்று ஆறு தடவை முடிவெடுத்து ஆறு தடவையும் தோற்றவனிடம் இஷ்டத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சிரிப்பாக வருகிறது. நாட்டில் புகையிலையால் வருடத்துக்குச் சுமார் 13.5 லட்சம் பேர் சாகிறார்கள். அத்தனை பேருக்கும் அதுதான் இஷ்டமாக இருந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

1994 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து, நிக்கோட்டின் ஆளை அடிமையாக்கும் என்று நாங்கள் நம்பவில்லை என்று சத்தியம் செய்து சொன்னார்கள். அதில் பிலிப் மோரிஸ் தலைவரும் ஒருவர். 2021-ல் பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல் டென்மார்க்கின் ஃபெர்டின் ஃபார்மாவை விலைக்கு வாங்கியது, அது நிக்கோட்டின் கம் தயாரிக்கிற கம்பெனி. நம் ஊர் சிகரெட் கம்பெனி ஐடிசியும் க்விக்நிக் என்று ஒரு கம்மைக் கொண்டுவந்தது. ஆணி விற்கிறவனே கட்டுத்துணியும் விற்கிற மாதிரி. நான் மெல்லுவது அவர்களுடையது இல்லை, ஆனால் கடையில் கேட்கும்போது யார் தயாரிப்பு என்று பார்த்து வாங்குங்கள், அந்தத் திருப்தியாவது மிஞ்சட்டும்.

அரசாங்கத்தை மட்டும் சும்மா விடுவேனா? பொது இடத்தில் புகைக்கத் தடை, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கத் தடை, எல்லாம் இருக்கிறது. அதே நேரம் ஐடிசியில் அரசாங்கத்தின் இன்சூரன்ஸ் கம்பெனியான எல்ஐசி வைத்திருக்கிற பங்கு 15 சதவீதத்துக்குப் பக்கம். எல்ஐசியில் டேர்ம் பாலிசி எடுக்கப் போனால் புகைப்பவனுக்கு ஒரு பிரீமியம், புகைக்காதவனுக்குக் குறைவாக இன்னொரு பிரீமியம். நான் பிடித்தால் சீக்கிரம் செத்துப்போவேன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, நான் பிடிக்கிற ஒவ்வொன்றிலும் அவர்களுக்கு லாபமும் வருகிறது. இதை முதலில் புரிந்துகொண்ட அன்று கோபத்தில் இரண்டு கம் சேர்த்து மென்றேன் (செய்யாதீர்கள், விக்கல் நிற்காது).

பீடி விஷயம் இன்னும் சிக்கல். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் எங்கள் தென்காசிப் பக்கம் சித்தி இன்னும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள், அவள் பிள்ளைகள் படித்தது அந்தக் காசில். சித்தப்பா போனது அதே பீடியால், தொண்டையில் புற்றுநோய். வரியைக் குறைத்தது சித்திக்கா, பீடிக் கம்பெனிக்கா, அல்லது அடுத்த சித்தப்பாவுக்கா என்று போன தடவை ஊருக்குப் போனபோது கேட்டேன். “எனக்கு ஆயிரம் பீடிக்குக் கூலி எத்தனை ரூவா ஏறிச்சுன்னு கேளுடா” என்றாள். ஏறவில்லை.

சரி, கம்முக்கு வருகிறேன். ஐந்துக்கு நாலு. நெஞ்சு வலி, இதயக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் முதலில் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள், நான் வரிசையை மாற்றிச் செய்து இரண்டு மாதத்தை வீணாக்கினேன். இப்போது ஒரு நாளைக்கு நாலு கம், அடுத்த வாரத்திலிருந்து இரண்டாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டீக்கடை அண்ணனிடம் பாக்கியை அடைத்துவிட்டேன், டீ மட்டும் பற்றில் ஓடுகிறது.