நிலக்கரிக்கு இரண்டு கடிவாளங்கள்

ஒபாமா காலத்துத் 'தூய மின் திட்டம்', டிரம்ப் காலத்து 'மலிவான தூய ஆற்றல்' விதி: இரண்டுமே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மின் நிலையங்களுக்கு எழுதிய விதிகள்தான். ஒபாமா காலத்து 2015 விதி, 2030க்குள் மின்துறையின் கார்பன் உமிழ்வை 2005 அளவிலிருந்து 32 சதவீதம் குறைக்கச் சொன்னது. அதற்கு வழி, நிலக்கரியை விட்டு எரிவாயு, காற்று, சூரிய ஒளி என்று மாறுவது. டிரம்ப் காலத்து 2019 விதியில் நாடு தழுவிய இலக்கே கிடையாது. இருக்கிற நிலையத்தையே கொஞ்சம் திறமையாக ஓட்டு, எவ்வளவு குறைப்பது என்பதை மாநிலம் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். முகமையின் சொந்தக் கணக்கிலேயே பலன் 1 சதவீதத்தைத் தொடவில்லை. பெயரில் மட்டும் 'தூய ஆற்றல்'!

சரி, நீதிமன்றத்தில் எது நின்றது? இரண்டுமே தடுமாறின. முன்னதை 2016இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பின்னதை 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது; அந்தத் தீர்ப்பை 2022இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. என் ஓட்டு முன்னதற்கே. ஆனால் வேடிக்கை, அமலுக்கே வராத அந்த 32 சதவீதத்தை மலிவான எரிவாயுவும் காற்றாலையும் சேர்ந்து 2019லேயே எட்டிவிட்டன.