சோப் அரே அனுப்ப ஆர்பிசி/என்கோடட்டா, டாக்குமெண்ட்/லிட்டரலா?

இன்னும் சோப் (ரெண்டு சிஸ்டம் எக்ஸ்எம்எல் மெசேஜ்ல பேசிக்கிற முறை) யாருய்யா யூஸ் பண்றான்னு கேக்குறவங்க இதத் தாண்டிப் போயிடலாம். அந்த மெசேஜ்ல அரேய, அதாவது லிஸ்ட்ட, எழுத ரெண்டு ஸ்டைல் இருக்கு: ஆர்பிசி/என்கோடட், டாக்குமெண்ட்/லிட்டரல். பழைய ஆர்டர் சர்வீஸ் ஒண்ணு எங்க தலையில இருக்கு, ஆர்பிசி/என்கோடட்ல எழுதினது. அதைக் கூப்பிடுற ஒருத்தங்க ஆக்சிஸ் 1-ஐ விட்டுட்டு ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்க்கு (ரெண்டுமே ஜாவால சோப் பேச உதவுறது) வர்றோம்னு சொன்னாங்க, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ல என்கோடட்டுக்கு சப்போர்ட்டே கிடையாது. அப்ப உக்காந்து ரெண்டையும் வச்சுப் பாத்து டாக்குமெண்ட்/லிட்டரலுக்கு, அதுலயும் ராப்ட் ஸ்டைலுக்கு (எல்லாத்தையும் ஒரே ராப்பர் எலிமெண்ட்டுக்குள்ள சுத்தி அனுப்புறது) மாத்தினோம். அதனால நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிட்டேன்.

தெரிஞ்ச விஷயத்த சீக்கிரம் முடிச்சிடுறேன். என்கோடட்ல ஒவ்வொரு எலிமெண்ட்லயும் டைப் ஒட்டிட்டு வரும், மெசேஜ் குண்டாகும். லிட்டரல்ல ஸ்கீமால (எந்த எலிமெண்ட் எப்படி வரணும்னு எழுதி வச்ச ஃபைல்) சொன்னது அப்படியே போகும். வேற வேற சோப் சிஸ்டம் ஒத்துப்போக 2004-ல வந்த டபிள்யூஎஸ்-ஐ பேசிக் ப்ரொஃபைல் 1.0 விதிகள்லயே என்கோடட்டும் கூடாது, அரேடைப் (அரேல என்ன டைப், எத்தனை ஐட்டம்னு சொல்றது) அட்ரிபியூட்டும் கூடாதுன்னு எழுதிட்டாங்க. சரி என்கோடட்லயே இருந்துக்கிட்டு சோப் 1.2-க்கு மட்டும் போவோம்னாலும் சும்மா இல்ல, அங்க அரேடைப் போய் ஐட்டம்டைப், அரேசைஸ்னு ரெண்டா பிரிஞ்சிருக்கு.

ஆனா எனக்கு முடிவு பண்ண வச்சது இது எதுவும் இல்ல, ஒரே கேள்விதான்: அரே உடைஞ்சு போனா தப்பு யார் பக்கம்னு எத வச்சு சொல்றது?

என்கோடட்ல அதுக்கு வழி இல்ல. ஒரு மெசேஜ்ல அரேடைப் எக்ஸ்எஸ்டி:ஸ்ட்ரிங்[3]னு இருக்கு, உள்ள எண்ணிப் பாத்தா ரெண்டு ஐட்டம்தான். இது சரியா தப்பா? ஸ்கீமாவ வச்சு சரிபாக்குற வேலிடேட்டர்கிட்ட கொடுத்தா பதில் வராது, அதுக்கு அந்த "[3]" வெறும் ஒரு ஸ்ட்ரிங், எண்ணியெல்லாம் பாக்காது. உள்ள இருக்குற எலிமெண்ட்டுக்கு ஐட்டம்னு பேர் வச்சாலும் லைன்னு பேர் வச்சாலும் ஒண்ணுதான், வரிசைதான் கணக்கு. இதுக்கு மேல ஆக்சிஸ் 1-ஓட மல்டிரெஃப் வேற: அரேக்குள்ள பாத்தா ஹெச்ரெஃப் "#ஐடி0", "#ஐடி1"னு மட்டும் இருக்கும், உண்மையான ஆர்டர் லைன் எல்லாம் மெசேஜ் பாடிக்குள்ளயே கீழ தனித்தனியா கிடக்கும், ராத்திரி லாக தொறந்து வச்சுக்கிட்டு எந்த ஐடி எந்த லைனுன்னு விரல் வச்சுத் தேடிட்டு இருக்கணும், அதுக்குள்ள அந்தப் பக்கம் இருக்குறவர் "எங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு சார்"னு மெயில் போட்டுடுவார்.

லிட்டரல்ல அந்தப் பேச்சே வராது. பாடில இருக்குற ராப்பர் எலிமெண்ட்ட மட்டும் வெட்டி எடுத்து எக்ஸ்எம்எல்லிண்ட்ங்கிற வேலிடேட்டர்ல ஸ்கீமாவோட ஓட்டினா எத்தனாவது லைன்ல எந்த எலிமெண்ட் இடிக்குதுன்னு சொல்லிடும், அத அப்படியே மெயில்ல ஒட்டி அனுப்பினா முடிஞ்சது. வெட்டும்போது என்வலப்புல (மெசேஜோட வெளி எலிமெண்ட்) டிக்ளேர் பண்ணின நேம்ஸ்பேஸ் (ஒரு எலிமெண்ட் பேர் எந்தத் தொகுப்போடதுன்னு காட்டுறது) ப்ரிஃபிக்ஸயும் கூடவே எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா அது வேற எரர் காட்டும்.

லிட்டரல்ல தொல்லையே இல்லன்னு சொல்லல. எலிமெண்ட்ஃபார்ம்டிஃபால்ட் குவாலிஃபைடுன்னு (உள்ள இருக்குற எலிமெண்ட்டுக்கும் நேம்ஸ்பேஸ் வேணும்னு அர்த்தம்) ஸ்கீமால இருந்து, அனுப்புறவர் உள்ள இருக்குற ஐட்டத்துக்கு நேம்ஸ்பேஸ் போடாம விட்டா, சில ஜாவா செட்டப் எரரே குடுக்காம காலி லிஸ்ட்ட கையில குடுத்துடும். ஸ்கீமா வேலிடேஷன ஆன் பண்ணி வைங்க, டெஸ்ட்லயாவது. பிஹெச்பில இன்னொண்ணு: லிஸ்ட்ல ஒரே ஒரு ஐட்டம் வந்தா அரேயா வராது, தனி ஆப்ஜெக்ட்டா வந்து நிக்கும், ஃபார்ஈச் அதோட ப்ராப்பர்ட்டிய சுத்த ஆரம்பிச்சிடும். சோப்_சிங்கிள்_எலிமெண்ட்_அரேஸ் ஃபீச்சரப் போட்டா சரியாகும். நியாயமா சொல்லணும்னா இந்த விஷயத்துல என்கோடட் அரே மேல், ஒண்ணு வந்தாலும் அது அரேதான்.

அதே மாதிரி ஒரே ஆப்ஜெக்ட்ட நாலு இடத்துல பாயிண்ட் பண்ற கிராஃப், சுத்தி வந்து தன்னையே காட்டுற ஸ்ட்ரக்சர், இதெல்லாம் அனுப்பணும்னா என்கோடட்ல ஹெச்ரெஃப் ரெடியா இருக்கு, லிட்டரல்ல ஐடிய நீங்களே வச்சு சேக்கணும். எங்க டேட்டா நேரான ஆர்டர், அதுக்குள்ள லைன், அவ்ளோதான், அதனால அந்தக் கஷ்டத்த நான் பட்டதில்ல. நான் ஓட்டினதும் ஜாவா, பிஹெச்பி ரெண்டுல மட்டும், டாட்நெட்காரங்க அனுபவம் வேறயா இருக்கலாம்.

மாத்துறவங்க பழைய எண்ட்பாயிண்ட்ட உடனே மூடாதீங்க, புதுசுக்குத் தனி யூஆர்எல், தனி நேம்ஸ்பேஸ் குடுத்து ரெண்டும் கொஞ்ச நாள் ஓடட்டும். பிஹெச்பி கிளையண்ட் டபிள்யூஎஸ்டிஎல்ல (சர்வீஸ எப்படிக் கூப்பிடணும்னு சொல்ற ஃபைல்) டிஃபால்ட்டா 86400 செகண்ட், அதாவது ஒரு நாள் முழுக்க கேஷ்ல வச்சிருக்கும், அதே யூஆர்எல்ல ஃபைல மட்டும் மாத்தினீங்கன்னா மறுநாள் வரைக்கும் பழைய ஃபார்மட்லயே ரிக்வெஸ்ட் வந்துட்டு இருக்கும்.