ப்ளூகிராஸை எடுத்தாயிற்று: அங்கே தேனீப் புல்வெளியா, பிரெய்ரியா, மழைத்தோட்டமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு வீட்டோடு சேர்ந்தே வந்துவிடுகிறது கென்டக்கி ப்ளூகிராஸ் என்ற புல்வெளிப் புல். வேர் சில அங்குலம்தான் இறங்கும். கோடையில் தண்ணீரும் உரமும் கேட்கும், வாராவாரம் வெட்டச் சொல்லும். தேனீக்கு அதில் ஒன்றுமே கிடையாது. இதை மாற்றுவோருக்கு உதவ மினசோட்டா சட்டமன்றம் 2019-இல் நிதி ஒதுக்கி ‘லான்ஸ் டு லெக்யூம்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தவர்களும், அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

பலரும் முதலில் போவது தேனீப் புல்வெளிக்கு. மெல்லிய ஃபெஸ்க்யூ புல்லோடு வெள்ளை க்ளோவர், செல்ஃப்ஹீல், படரும் தைம் ஆகிய தாழ்ந்த பூச்செடிகளின் விதைகளைக் கலந்து தூவுவார்கள். நடக்கலாம், குழந்தைகள் ஓடலாம், 3 அங்குல உயரத்துக்கு எப்போதாவது வெட்டினால் போதும். க்ளோவர் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடித்துத் தருவதால் உரச் செலவும் குறையும். மினியாபொலிஸ் பூங்காக்களில் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது வெள்ளை க்ளோவர் பூவுக்கு மட்டும் 50-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் வந்திருந்தன. ஆனால் களைக்கொல்லி கலந்த உரத்தை ஒருமுறை போட்டாலும் க்ளோவர் போய்விடும். தேனீ கொட்டக்கூடும் என்பதால் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய குறை வேறு. ஆகஸ்ட் கடந்தால் இதில் பூ பெரும்பாலும் அடங்கிவிடும். மினசோட்டாவின் மாநிலத் தேனீ ரஸ்டி பேட்ச்டு பம்பிள்பீ. 2017-இல் மத்திய அரசின் அழியும் இனப் பட்டியலில் ஏறியது அது. அதன் புது ராணிகள் குளிர்காலத்தைத் தாண்ட இலையுதிர்காலத்தில்தான் தின்று கொழுக்க வேண்டும். அப்போது உணவு தருவது ஆஸ்டரும் கோல்டன்ராடும். அதாவது பிரெய்ரி எனப்படும் இந்த மண்ணின் இயற்கைப் புல்வெளிச் செடிகள்.

மே முதல் அக்டோபர் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் பிரெய்ரியின் பலம். சில செடிகளின் வேர் 10 அடிக்கும் கீழே போகும். விதையிலிருந்து வளர்த்தால் முதல் இரண்டு ஆண்டு களைக்காடாகத் தெரியும், மூன்றாம் ஆண்டுதான் பலன். அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்களே என்ற பயத்துக்கு 2023-இல் மாநிலச் சட்டம் பதில் சொல்லிவிட்டது: முறையாகப் பராமரிக்கும் இயற்கைத் தோட்டத்தை நகராட்சி தடுக்க முடியாது. வெட்டாமல் 8 அங்குலத்துக்கு மேல் வளர்ந்த அல்லது விதைகட்டிய சாதாரணப் புல்வெளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது தண்ணீர். இங்கே தெருவோர வடிகாலில் இறங்கும் மழைநீர் பெரும்பாலும் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஏரிக்கோ மிசிசிப்பிக்கோ போகிறது. இலைச்சருகு, புல்வெட்டு, மண் ஆகியவற்றின் பாஸ்பரஸும் கூடவே போய், ஏரியைப் பாசியாக்குகிறது. இதற்காகத்தான் 2005 முதல் மாநிலம் முழுக்கப் புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரம் போடக் கட்டுப்பாடு இருக்கிறது. 500 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 310 கேலன் தண்ணீர் ஒரே குழாய் வழியாக இறங்கும். பிரெய்ரிச் செடியோ தேனீப் புல்லோ அந்தக் குழாயிலிருந்து தள்ளி இருந்தால், இவ்வளவு தண்ணீரையும் அவை தொடக்கூட வாய்ப்பில்லை.

மழைத்தோட்டம் அதைத்தான் பிடிக்கிறது. 6 முதல் 8 அங்குல ஆழத்தில் ஒரு பள்ளம், ஓரிரு நாளில் வடிந்துவிடும், அதனால் கொசு முட்டையிட்டுப் பெருக நேரம் கிடைக்காது. பர்ன்ஸ்வில் நகரில் ஒரே குடியிருப்பில் 17 மழைத்தோட்டங்கள் அமைத்து, பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெருவில் ஓடிய நீர் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது.

அந்தப் பள்ளத்தில் நடுவது ஸ்வாம்ப் மில்க்வீட், ப்ளூ லோபீலியா, நியூ இங்கிலாந்து ஆஸ்டர். மில்க்வீட் நம்மூர் எருக்கின் குடும்பம். இலையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால் வடியும், மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு மில்க்வீட் இலையைத்தான் தின்னும். ஆக, தேனீக்கான வேலையும் ஏரிக்கான வேலையும் ஒரே இடத்தில் நடக்கிறது. குழி வெட்டும் உழைப்பும் செலவும் மற்ற இரண்டையும்விடக் கூடுதல்தான். இருந்தாலும் ஒன்றுக்குத்தான் வசதி என்றால் என் தேர்வு மழைத்தோட்டமே. குழந்தைகள் விளையாடும் இடம் தேனீப் புல்லாகட்டும். வெயில் நன்றாக விழும் ஓரம் இருந்தால் பிறகு பிரெய்ரி.

மழைத்தோட்டத்துக்கான இடத்தை வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளிக் குறியுங்கள். சிறு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு நாளாகியும் நின்றால் அங்கே வேண்டாம். அந்தச் சிறு குழிக்கும் மண்வெட்டி எடுப்பதற்கு முன் 811-ஐ அழைத்து, கீழே எரிவாயு, மின்சாரக் குழாய்கள் ஓடுகின்றனவா என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்தச் சேவை இலவசம்.