ஐஸ் காவலில் இருப்பவரைத் தேடும் தளம்: எங்கே உதவும், எங்கே கைவிடும்

அமெரிக்காவில் உள்ளூர் போலீஸ் பிடித்துப் போன ஒருவர், குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸிடம் போய்விட்டாரோ என்ற பயம் வந்ததும் வீட்டார் திறக்கும் தளம் ‘ஆன்லைன் டீட்டெய்னி லொக்கேட்டர்’. 2010-இல் வந்தது. இலவசம், லாகின் தேவையில்லை. ஏ-நம்பர் (குடியேற்றத் துறை ஒருவருக்குத் தரும் அடையாள எண்) கையில் இருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் போலீஸ் கையிலிருந்து ஐஸ் கைக்கு ஆள் மாறும் நேரம்தான் குடும்பத்துக்கு மிக முக்கியமான நேரம். அதை இந்தத் தளம் காட்டுவதே இல்லை.

தேட இரண்டு வழி உண்டு: ஏ-நம்பர், அல்லது பெயர். ஏ-நம்பரும் பிறந்த நாடும் கொடுப்பது நல்லது. நம்பர் 9 இலக்கமாக இருக்க வேண்டும். எட்டே இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். கிரீன் கார்டிலும், ஓபிடி (படிப்போடு சேர்ந்த தற்காலிக வேலை அனுமதி) மாணவர்களின் வேலை அனுமதி அட்டையிலும் ‘யுஎஸ்சிஐஎஸ்#’ என்று இருப்பது இதே நம்பர்தான். கேட்பது குடியுரிமை நாட்டை அல்ல, பிறந்த நாட்டை. தமிழ்நாட்டு முகாமில் பிறந்த ஈழத்தமிழருக்கு முதலில் இந்தியா என்று போட்டுப் பாருங்கள்.

பெயரை வைத்துத் தேடுவதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் ‘பதிவு இல்லை’ என்றே வரும். கிட்டத்தட்ட ஒத்த பெயர்களைக் காட்டாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியாது) என்றும், சொந்தப் பெயர் சர்நேம் இடத்திலும் ஏறியிருக்கும். அப்படியே தேட வேண்டும். பிறகு அப்பா பெயரைச் சர்நேமாக வைத்து, முன்பின் மாற்றி, சேர்த்தும் பிரித்தும் எழுதித் தேட வேண்டும். ‘பதிவு இல்லை’ என்று வந்தால் ஆள் ஐஸிடம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இதில் வரவே மாட்டார்கள்.

இனி, போலீஸிடமிருந்து ஐஸிடம் ஆள் மாறும் அந்த இருட்டு நேரம். கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) ஜெயிலில் புக்கிங், அதாவது கைதானவரைப் பதிவு, செய்யும்போது எடுக்கும் கைரேகை எஃப்பிஐக்குப் போய், அங்கிருந்து தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. ஐஸோடு ஒத்துழைக்காத மாநிலங்களிலும் இது நடக்கும். கைரேகை ஒத்துப்போனால் ஐஸ் ஜெயிலுக்கு ஐ-247ஏ என்ற டீட்டெய்னர் அனுப்பலாம்: விடுதலை ஆக வேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை இவரை வைத்திருங்கள் என்ற கோரிக்கை அது. நீதிபதி கையெழுத்து அதில் இருக்காது. டெக்சஸின் 2017 சட்டம் ஜெயில்கள் அதை ஏற்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டு கலிபோர்னியாவும் இல்லினாயும் போட்ட சட்டங்கள், அதை மட்டும் வைத்து ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது என்கின்றன.

உள்ளூர் போலீஸே ஐஸ் வேலையைச் செய்ய வழிவிடும் 287(ஜி) ஒப்பந்தம் போட்ட கவுண்டி என்றால் வேகம் கூடும். அதன் ஜெயில் மாதிரியில், ஐஸிடம் பயிற்சி பெற்ற ஷெரிஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்) ஆட்களே குடியேற்ற நிலையை விசாரித்து டீட்டெய்னரும் போடுவார்கள். தெருவில் ரோந்து போகும் போலீஸுக்கே அதிகாரம் தரும் ‘டாஸ்க் ஃபோர்ஸ்’ மாதிரி 2012-இல் கைவிடப்பட்டு 2025-இல் திரும்பி வந்திருக்கிறது. சேர்ந்திருக்கும் போலீஸ் துறைகளின் பட்டியல் ஐஸ் தளத்திலேயே உண்டு. உங்கள் கவுண்டி அதில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள்.

இந்தக் கட்டம் முழுவதும் லொக்கேட்டரில் ஒன்றும் தெரியாது. அப்போது உதவுவது ஷெரிஃப் தளத்தின் கைதி தேடல்தான். அதில் ‘ஹோல்ட்’ என்ற பகுதி இருந்தால் ஐஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஜெயில் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போன் செய்து டீட்டெய்னர் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கைதிக்கு நகல் கொடுத்தால்தான் டீட்டெய்னர் செல்லும் என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது. நகல் கிடைத்ததா என்பதை வக்கீல் கேட்க வேண்டும்.

இதைக் கேட்காமல் அவசரப்பட்டு ஜாமீன் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பணம் கட்டியதும் உள்ளூர்க் காவல் முடிகிறது. ஆள் வீட்டுக்கு வராமல் ஐஸ் வண்டியில் ஏறிவிடலாம். குடியேற்ற பாண்டு (ஐஸ் காவலிலிருந்து வெளிவரக் கட்டும் ஜாமீன் பணம்) தனி, சட்டப்படி 1,500 டாலருக்குக் குறையாது, எல்லோருக்கும் கிடைக்கவும் செய்யாது. டீட்டெய்னர் இருக்கிறது என்று தெரிந்தால் குற்ற வழக்கு வக்கீலும் குடியேற்ற வக்கீலும் பேசிய பிறகே ஜாமீன் கட்டுங்கள்.

ஐஸ் பல இடங்களில் கவுண்டி ஜெயிலிலேயே படுக்கைகளை வாடகைக்கு எடுத்திருப்பதால் இன்னொரு குழப்பமும் வரும். கவுண்டி தளத்தில் ‘விடுவிக்கப்பட்டார்’ என்று இருக்கும். ஆள் அதே கட்டடத்தில் ஐஸ் கணக்கில் இருப்பார். ஆகவே இரண்டு தளங்களையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

ஆள் கிடைத்தால் தளம் காட்டுவது மையத்தின் பெயரும் தொடர்பு விவரமும்தான். வேறு மாநிலத்துக்கு, பெரும்பாலும் டெக்சஸ் அல்லது லூசியானாவுக்கு, மாற்றினால் உங்களுக்குத் தகவல் வராது. தினமும் காலையும் மாலையும் பார்த்து, பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விசாரணைத் தேதியும் இதில் இல்லை. அதற்குக் குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கி வழக்குத் தகவல் தளம், அல்லது 1-800-898-7180 என்ற எண். அங்கேயும் முதலில் கேட்பது ஏ-நம்பரைத்தான்.